தோட்டத்து டவுனில் சமூகப் பணி: கொள்கை மாற்றத்துக்காகக் குரல் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. இங்கே சமூகப் பணி செய்யும் எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களும் தோட்டத்துப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

கொள்கைப் பணி என்றால் என்ன? அது அரசியல்வாதிகள் வேலை இல்லையா?

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. நீங்கள் போய் ஆபீஸில் பேசி, குழாயைச் சரி செய்ய வைக்கிறீர்கள். இது கேஸ் வேலை. அதே லயத்தில் முப்பது வீட்டுக்கும் தண்ணீர் வராதபோது யார் பொறுப்பு, சட்டம் என்ன சொல்கிறது, சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதை அடைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தேடிப்போவது கொள்கைப் பணி. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டும். வீட்டுக்குள் போய்ப் பார்த்தவருக்குத் தெரிகிற விஷயம், அறிக்கையை மட்டும் படிப்பவருக்குத் தெரியாது.

இது நம் தொழிலில் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வேலையும் இல்லை. சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889-இல் தொடங்கிய ஹல் ஹவுஸில் தங்கியிருந்த புளோரன்ஸ் கெல்லி, பிள்ளைகள் வேலை செய்த பட்டறைகளை நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அந்த உழைப்பின் பலனாக 1893-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நம் மண்ணிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வைத்த கோரிக்கைப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது எல்லாம் அதில் இருந்தன. தொரைக்கு (தோட்ட மேலாளருக்கு) முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதும் இருந்தது. அந்த ஒரு வரியை நான் பயிற்சி வகுப்பில் எப்போதும் சொல்வேன். தினமும் இறங்கி இறங்கி மனசு நொந்தவர்தான் அதை எழுதியிருக்க முடியும். போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது, உயிர்கள் போயின. கோரிக்கைப் பட்டியல் மட்டும் இன்னும் பேசுகிறது.

ஒரு குடும்பத்தின் பிரச்சினை எப்போது கொள்கைப் பிரச்சினை ஆகிறது?

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். பேத்தியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். மூடி துருப்பிடித்துப்போய், திறக்கக் கரண்டிக் காம்பைப் போட்டு நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே தாத்தாவின் சாவுப் பத்திரம், சங்கச் சந்தா அட்டை, ரப்பர் பால் நிறை எழுதிய சம்பளச் சீட்டுகள் ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு, பாட்டியின் சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை), கடைசியில் பேத்தியின் கிளினிக் அட்டை. ஒரு மனுஷியின் மொத்த வாழ்க்கையும் அதில் இருந்தது. பேத்தியின் பிறப்புப் பத்திரம் மட்டும் இல்லை. ஒரு கவுண்டரில் அம்மாவைக் கூட்டிவாருங்கள் என்றார்களாம், இன்னொன்றில் கல்யாணப் பத்திரம் கேட்டார்களாம். இரண்டும் இல்லாததால்தான் எங்களிடம் வந்திருந்தார்.

பிள்ளையின் அப்பா மலேசியக் குடிமகன். அம்மாவுக்கு அடையாளப் பத்திரமே கிடையாது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள், பதிவு செய்யவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த பிறகு, முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, குடியுரிமைக்குத் தாயின் நிலையைத்தான் பெறும். தாய்க்குக் குடியுரிமை இல்லாவிட்டால் அப்பா குடிமகனாக இருந்தும் பலனில்லை. அந்தப் பிள்ளை இந்த மண்ணில் பிறந்தும் நாடற்றதாகிவிடும்.

முதல் வேலை கேஸ் வேலைதான். பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், ஆவணம் முடிவதற்கு முன்பே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கல்வி அமைச்சு வழி வைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைச் சேர்த்தோம். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன் கீழும் விண்ணப்பம் போட்டோம். (வயது வரம்பு உண்டு. ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.)

அப்புறம் ஒரு சனிக்கிழமை பழைய கோப்புகளை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினோம். ஆவணமில்லாத பிள்ளைகளின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஒரே காரணம் எழுதியிருந்தது: கோயில் கல்யாணம், பதிவு இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நாங்களே பார்த்து எழுதியிருந்தும், சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் எங்கள் வேலையின் மறுபாதி எங்களுக்குத் தெரிந்தது. திருமணப் பதிவுக்குக் கோயில் பொறுப்பாளர்களைத் துணைப் பதிவாளர்களாக நியமிக்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் தோட்டக் கோயில்களில் அப்படி யாரும் இல்லை. எனவே எங்கள் கோரிக்கை மிகச் சிறியது: இந்த வட்டாரத் தோட்டக் கோயில்களுக்கு ஒரு துணைப் பதிவாளர் வேண்டும், பதிவு அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே வர வேண்டும். சட்டத்தைத் திருத்தச் சொல்லவில்லை. இருக்கும் சட்டம் லயம் வரை வந்து சேரட்டும் என்றுதான் கேட்டோம்.

ஒரே காரணத்தோடு மூன்றாவது கோப்பு வந்தவுடன் நிறுத்தி யோசியுங்கள். பத்தாவதுக்குக் காத்திருக்க வேண்டாம்.

எந்தச் சட்டங்களைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

வக்கீல் அளவுக்குத் தேவையில்லை. தோட்டத்தில் அடிக்கடி கை கொடுப்பவை சிலதான்.

446-ஆம் சட்டம், அதாவது 1990-இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம். தோட்டத்து வீட்டின் தரம், குழாய் நீர், மின்சாரம், பராமரிப்பு எல்லாம் முதலாளியின் கடமை என்று சொல்வது இதுதான். 2019-இல் திருத்தி, மற்றத் துறைகளுக்கும் விரித்தார்கள். லயத்துக் கூரை ஒழுகினால் இது தொரையின் தயவில் நடக்கிற காரியம் இல்லை, சட்டப்படி செய்ய வேண்டியது என்று மக்களிடம் சொல்லுங்கள். அவர்கள் அடுத்த முறை ஆபீஸ் வாசலில் நிற்கும் விதமே மாறும்.

தோட்டம் விற்கப்பட்டு ஆட்குறைப்பு என்று வந்தால், 1980-ஆம் ஆண்டு வேலை நீக்க இழப்பீட்டு விதிமுறைகளை எடுங்கள். இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். முப்பது வருடம் மரம் சீவியவர் இது தெரியாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில் தொடங்கி, 2022 மே மாதம் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டுக்கு வந்தது. இவற்றோடு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்), குழந்தைகள் சட்டம் 2001, குடும்ப வன்முறைச் சட்டம் 1994. இவ்வளவு போதும், தொடங்கலாம்.

யாரிடம் போவது? எங்கே போனாலும் "இது எங்கள் பொறுப்பு இல்லை" என்கிறார்களே?

பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். அதனால் போகும் முன்பே யார் பொறுப்பு என்று பார்த்துவிடுங்கள். நிலம் மாநில அரசின் அதிகாரம். ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு வீட்டு மனை கேட்டுக் கோலாலம்பூரில் மகஜர் (கோரிக்கை மனு) கொடுத்தால், அது திரும்ப மாநிலத் தலைநகரான ஈப்போவுக்குத்தான் வரும். குடியுரிமை, சம்பளம், தொழிலாளர் விவகாரம் மத்திய அரசுடையவை. சமூக நலம் இரண்டு அரசுகளுக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. அதனால் ஒருவர் மறுத்தால் மற்றவரிடம் கேட்கலாம்.

சாலை, குப்பை, தெருவிளக்கு என்றால் கோலகங்சார் நகராட்சி. அங்கே நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் என்று யாரும் கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டு, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு முடிந்துபோனது. இப்போதுள்ளவர்கள் மாநில அரசு நியமித்தவர்கள். ஆகவே சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும் அழுத்தம் கொடுங்கள். நமக்கு லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு தொகுதிகள் உண்டு. எந்தத் தோட்டம் எதில் வருகிறது என்று ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் அதிகம் பயன்படும் காகிதம் அதுதான்.

நாடாளுமன்ற உறுப்பினரிடம் போகும்போது, உதவி கேட்பதோடு நிற்காமல், மக்களவையில் கேட்கத்தக்க ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். அமைச்சு பதில் சொன்னால் அது அவைக் குறிப்பில் ஏறிவிடும். வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது. பணம் சம்பந்தப்பட்ட கோரிக்கையை செப்டம்பரில் கொண்டுபோனால் நேரம் தாண்டிவிடும். ஆண்டின் நடுவிலேயே கொடுத்துவிடுங்கள்.

மகஜர் எப்படி எழுதுவது?

மலாயில், இரண்டு பக்கத்துக்குள். தமிழில் ஒரு பிரதி மக்களுக்கு. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் பத்தியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "இந்தியச் சமுதாயத்தின் அவல நிலையைக் கருத்தில் கொண்டு..." என்று தொடங்கும் மகஜர்களை நானே நிறைய எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. அதிகாரியால் அவலத்தை ஒன்றும் செய்ய முடியாது, தேதி போட்ட ஒரு கோரிக்கையைச் செய்ய முடியும். "இந்த லயத்தில் இத்தனை வீடுகளுக்கு இந்தத் தேதியிலிருந்து குழாய் நீர் இல்லை. 446-ஆம் சட்டப்படி தொழிலாளர் இலாகா வந்து சோதனை செய்து, முதலாளிக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும்." இப்படி எழுதினால் படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

பிறகு ஒரு குடும்பத்தின் கதை, ஐந்து வரி போதும். நாங்கள் ஒருமுறை முதலில் எழுதியது: காலை 4 மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன் இரண்டு வாளி தண்ணீரை அடுத்த லயத்திலிருந்து தூக்கி வருகிற அக்கா, ஒரு வாளியைச் சமையலுக்கும் ஒரு வாளியைப் பிள்ளைகள் குளிக்கவும் வைத்துவிட்டு, தான் ஈரத்துணியால் முகம் மட்டும் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். கூட்டத்தில் அந்த அதிகாரி இந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தார். அனுப்பும் முன் அந்த அக்காவிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினோம். "வாளி ரெண்டு இல்ல தம்பி, மூணு" என்று அவர்தான் திருத்தினார். திருத்தித்தான் அனுப்பினோம்.

கொடுத்த பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மக்கள் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்களே?

பயப்படுகிறவர்களைக் கோழை என்று நினைக்க வேண்டாம். வீடு முதலாளியுடையது. வேலை போனால் கூரையும் போகும். அதற்கும் மேல், இந்த ஊருக்கென்று ஒரு ஞாபகம் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் தொரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து எமர்ஜென்சி, அதாவது பிரிட்டிஷ் அரசின் அவசரகால ஆட்சி, வந்தது. அதே காலத்தில் தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். பெயரைக் காகிதத்தில் எழுதினால் ஆபத்து என்பதைப் பெரியவர்கள் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. கண்ணால் பார்த்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதனால் அவசரப்படுத்தாதீர்கள். முதலில் என்ன நடக்கக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓய்வுபெற்றவர்கள், வெளியே வேலை செய்யும் பிள்ளைகள் முதலில் போடட்டும். ஒருவர் வேண்டாம் என்றால் சரி என்று சொல்லி, அவர் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை அவரே கூப்பிடுவார், அல்லது கூப்பிடமாட்டார். அவர் முடிவு அவருடையது.

நாங்கள் பேசுவதா, மக்கள் பேசுவதா?

மக்கள். நீங்கள் காகிதம் தயார் செய்யுங்கள், வண்டி ஏற்பாடு செய்யுங்கள், முந்தின இரவு உட்கார்ந்து பேசிப் பழக்குங்கள். கூட்டத்தில் பக்கத்தில் உட்காருங்கள். மலாய் வராது என்று தயங்கினால் அவர் தமிழில் பேசட்டும், நீங்கள் மொழிபெயருங்கள். நான் தொடக்க காலத்தில் எல்லாவற்றையும் நானே பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். நான் இல்லாத நாளில் அந்தத் தோட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தவறு எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

நான் அரசாங்க ஊழியர். வெளியே பேசலாமா?

அனுமதி இல்லாமல் பத்திரிகையில் பேச முடியாது. 1993-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் நடத்தை விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் உள்ளே இருந்து செய்யக்கூடியது ஏராளம். மாத அறிக்கையில் "12 விண்ணப்பம், 5 நிராகரிப்பு" என்று மட்டும் எழுதாமல், ஏன் நிராகரிக்கப்பட்டன என்று ஒரு பத்தி சேர்த்து மேலே அனுப்புங்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று ஒரே விஷயத்தைச் சொல்லும்போதுதான் பல காரியங்கள் நகர்ந்திருக்கின்றன.

கட்சிக்காரர்கள் வந்து பெயர் எடுத்துக்கொண்டால்?

எடுத்துக்கொள்ளட்டும். தண்ணீர் வந்தால் சரி. ஆனால் எல்லாக் கட்சிக்கும் ஒரே காகிதத்தைக் கொடுங்கள், மகஜரில் யார் சின்னமும் வேண்டாம்.

இப்போது தோட்டத்தில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும்தானே அதிகம். அவர்களுக்காகவும் பேச வேண்டுமா?

பேச வேண்டும். நம் ஆட்களிலேயே சிலர் இதற்குக் கோபப்படுவார்கள். அவர்களால்தான் கூலி ஏறவில்லை என்பார்கள். கூலியை நிர்ணயிப்பது அந்தப் பையன்கள் இல்லை. அவர்கள் படுப்பதும் நம் தாத்தாக்கள் படுத்த அதே லயம். 446-ஆம் சட்டம் குடியுரிமையைப் பார்த்து வீட்டின் தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர்கள் கூரை ஒழுகலாம் என்று நாம் விட்டுவிட்டால், நம் கூரைக்கும் யாரும் வரமாட்டார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீடியோ எடுத்து டிக்டாக்கில் போட்டால் சீக்கிரம் நடக்குமே?

சில நேரம் நடக்கும். பிள்ளைகள் முகம் மட்டும் கூடாது. நீதிமன்ற விவகாரத்திலோ பாதுகாப்பு நடவடிக்கையிலோ உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் குழந்தைகள் சட்டமே தடை போடுகிறது. பெரியவர்களானாலும், அழுகிற முகத்தைவிட ஒழுகிற கூரையைப் படம் எடுங்கள். ஒரு அரிசி மூட்டையோடு முடிந்துபோகிற பரிதாபம் நமக்கு வேண்டாம். கூரைதான் வேண்டும்.

இதற்கெல்லாம் எவ்வளவு காலம் ஆகும்?

நீண்ட காலம். நாள்கூலி வேண்டாம், மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை மேடையில் கேட்டார்கள், எத்தனை மறியல் செய்தார்கள்! தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் உருவானது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2011-இல்தான் வந்தது. சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். கேட்டவர்களில் சிலர் அதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டார்கள்.

வேறு வழியில் பதில் தேடியவர்களும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் (இந்த ஊர்க்காரர்தான்) 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அரசிடம் கேட்பது ஒன்று, நாமே ஓர் அமைப்பைக் கட்டுவது இன்னொன்று. இரண்டும் கொள்கைப் பணிதான்.

இடையில் வரும் சிறு வெற்றிகளை எழுதி வையுங்கள். ஒரு முத்திரை, ஒரு சோதனை, ஒரு பதில் கடிதம். பாட்டியின் தோட்டத்துக்குப் பதிவு அதிகாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். துணைப் பதிவாளர் இன்னும் நியமிக்கப்படவில்லை. பேத்தியின் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. பள்ளிக்குப் போய் வருகிறாள்.

பட்டம் வேண்டுமா?

இருந்தால் நல்லது. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதலே சமூகப் பணி கற்பிக்கிறது. ஆனால் எங்களோடு இருப்பவர்களில் கெட்டிக்காரர், ஆயாக் கொட்டகையில் இருபது வருடம் பிள்ளை பார்த்த ஓர் அக்கா. எந்த வீட்டில் எந்தக் காகிதம் இல்லை என்று மனப்பாடமாகச் சொல்வார்.

நான் புதிது. முதல் வாரத்தில் என்ன செய்யட்டும்?

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டுச் சந்திப்புக்கும் ஒரு பக்கம்: தேதி, என்ன கேட்டார்கள், எந்த அலுவலகம் என்ன பதில் சொன்னது, பதில் சொன்னவரின் பதவி. ஓரத்தில் காரணத்தை இரண்டே சொல்லில் எழுதுங்கள்: "பதிவு இல்லை", "தண்ணீர்", "வீட்டு நோட்டீஸ்". மாதக் கடைசியில் அந்த ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். எந்தச் சொல் மூன்று முறை வந்திருக்கிறதோ, அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.